குளவியை விரட்டிய கோடை

என் உயிர் மாப்பிள்ளை காதருக்கு,

நீ உத்தமபாளையத்து மண்ணுக்குள் போன பிறகு உன்னோடு பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. வேதக்கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து கையில் இருக்கிறது. அப்புறம் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

உன் மகள் மரியம் காய்ச்சலில் போன அந்தக் கோடைதான் இன்று நினைவில் நிற்கிறது. அடக்கம் முடிந்து வந்த நீ, ஏலக்காய்க் கடையைப் பாதி திறந்து வைத்துவிட்டு, முன்பந்தலின் மூங்கில் கழியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் துளைக்குள் ஒரு தேனீ, இலையை வட்டமாக நறுக்கிக் கொண்டுவந்து அறை அறையாகக் கட்டிக்கொண்டிருந்தது. கூட்டமும் இல்லை, துணையும் இல்லை. தன்னந்தனியான தாய்.

ஒருநாள் நான் வந்தபோது உன் கையில் பனையோலை விசிறி இருந்தது.

"ஏலே அருளு, அங்கன பாரு. அந்தக் குளவி ஊசி எறக்குது."

கறுப்பில் மஞ்சள் பட்டை போட்ட குளவி. முதுகின்மேல் மடித்து வைத்திருந்த நூல் போன்ற ஊசியைப் பிரித்து, கழியின் விரிசலுக்குள் மெல்ல இறக்கியது.

"போன வருசம் ஒரு கழியப் பொளந்து பாத்தேன்டா. தேனீக் குஞ்சு மேல குளவிப் புழு ஒட்டிக்கிட்டு உறிஞ்சுது. தாய்க்குத் தெரியவே இல்ல. அது பாட்டுக்கு எல கொண்டாந்துக்கிட்டு இருக்கு."

"தெரிஞ்சா மட்டும் என்னடா செய்யும்?" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. "எனக்கும் தெரியலயேடா. சும்மா காய்ச்சல்னுதான நெனச்சேன்."

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், காதர்?

அன்று முதல் வெயிலென்றும் பாராமல் குளவியை விரட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். வீட்டிலிருந்து வந்த சோற்றில் எறும்பு ஏறியது. உன் மனைவி ஆயிஷா என்னிடம் அழுதாள். "அண்ணே, அவுக என் மொகத்தப் பாக்கவே மாட்டேங்கிறாக. எனக்கும் அவ புள்ளதானண்ணே?"

அதை அப்படியே வந்து உன்னிடம் சொன்னேன். நீ கழியின் பக்கம் விசிறியை வீசினாய். மறுநாள் உச்சிவேளையில் அவளே கடைக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உன் பக்கத்தில் சாக்கின்மேல் உட்கார்ந்து, உன் கையிலிருந்த விசிறியை வாங்கினாள்.

"நீங்க செத்த நேரம் தூங்குங்க. நான் பாத்துக்கிறேன்."

நீ அங்கேயே சுருண்டு படுத்துத் தூங்கினாய்.

முதல் மழைக்குப் பின் இலை அடைப்பைக் கடித்துத் திறந்துகொண்டு தேனீக்கள் வந்தன. நாம் மூவரும் சிரித்தோம். பிறகு கழியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை விழுந்தது. அதிலிருந்து ஒரு குளவி தலையை நீட்டியது. அவ்வளவு காவலையும் மீறி எப்போதோ ஊசி இறக்கிவிட்டிருக்கிறது. நான் துண்டை ஓங்கினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"விடுறா. இதுவும் பொறந்து வந்துருச்சு."

அது மீசையைத் தடவிக்கொண்டு பறந்து போனது. மரியம் போனபின் அன்றுதான் நீ அழுதாய், ஆயிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு. நான் தெருவில் இறங்கி நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் உனக்கு இன்னும் கொஞ்ச காலம் கிடைத்திருக்கக் கூடாதா? அணை கட்டும் மலைக்குச் சரக்கோடு போனவன் குளிர்காய்ச்சலோடு திரும்பினாய். அப்போது ஆயிஷா வாயும் வயிறுமாக இருந்தாள்.

இங்கே சேதி நிறைய இருக்கிறது. அணை கட்டி முடிந்து மலைத் தண்ணீர் வந்துவிட்டது. கோடையிலும் வீரபாண்டி ஆற்றில் முழங்காலுக்கு ஓடுகிறது. நீ பார்க்காத உன் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். காது இரண்டும் உன் காதுதான்.

போன வாரம் ஆயிஷாவின் அண்ணன் கம்பத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். "கடைய மூடிட்டுக் கெளம்பு ஆத்தா. மலையேறிச் சரக்கெடுக்க உன்னால ஆகுமா?"

"கடைய மூட மாட்டேண்ணே. இது அவுக உக்காந்த எடம்."

அவர் என்னைப் பார்த்தார். "மலைக்கு நான் போறேன்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்ன பிறகு நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை பொதிமாடுகளோடு குமுளிப் பாதையில் ஏறுகிறேன். உன்னைக் கொண்டுபோன காய்ச்சலை நினைத்தால் பயம்தான். ஆனாலும் போவேன், சரக்கோடு திரும்புவேன். உன் மகன் தலையெடுக்கும் வரை அந்தக் கடை திறந்திருக்கும், மாப்பிள்ளை.

உன் பிள்ளைக்குத் தாய்மாமனாகிவிட்ட,
அருளப்பன்