முட்டை சுற்றிய பணிஸ்

கிறிஸ்தோபர் பேக்கரி,
திருகோணமலை.
04.03.2024

அன்புத் தங்கச்சி சுதர்ஷிகாவுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கு நலம். வட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருப்பதால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

முட்டை சுற்றிய மீன் பணிசுக்கு என் பெயரில் ஆக்கவுரிமை (பேட்டன்ட்) கேட்டுக் கொழும்புக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. மீன்பிடித் துறைமுக வாசலில் நீ அதை விற்பதை இந்த மாதத்தோடு நிறுத்து. உரிமை கிடைத்தபின் தங்கச்சி என்று பார்க்க ஏலாது.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

அண்ணன்,
றெக்சன்
(பேக்கரி முத்திரை)


15.03.2024

அண்ணாவுக்கு,

இங்கு நலமில்லை. என் மனுஷனுக்கு முதுகு முறிந்தபிறகு அந்த வாசல் மேசையில்தான் எங்கள் சோறு. அது தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பணிஸ் யாருடையது? என் மனுஷன் கடலுக்குப் போன காலத்தில், கறி ஊறிப் பணிஸ் கூழாகிப்போகுது என்று பாதியைக் கடலில் கொட்டிவிட்டு வருவார். அதற்காகத்தான் கறியை முட்டையில் சுற்றி மாவுக்குள் வைத்துப் பார்த்தேன். முட்டையைத் தடிப்பாக வார்த்தால் வெடித்தது, மெல்லிதாக வார்த்தால் கிழிந்தது. உங்கள் குசினியில் ஒன்றரை வருஷம் நின்று சரிப்படுத்தினேன். நீங்கள் முன்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள்.

கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. விற்பதை நிறுத்த மாட்டேன்.

சுதர்ஷிகா


22.03.2024

சுதர்ஷிகா,

உன் பெயரா? சிரிப்புத்தான் வருகிறது. கறியை முட்டையில் சுற்றுவது பெரிய கண்டுபிடிப்பாக்கும். படகுக்குச் சாப்பாடு கட்டுகிற எந்தப் பொம்பிளைக்கும் ஒரு கிழமையில் தோன்றுகிற விஷயம். றோல்ஸ் சுற்றுகிற எவனும் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். நீ கைவேலை செய்தாய், சம்பளம் வாங்கினாய். கடை என்னுடையது, பெயரும் என்னுடையது.

இனிமேல் எனக்கு எழுதாதே.

றெக்சன், உரிமையாளர்
(பேக்கரி முத்திரை)


09.12.2024

அண்ணாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றுதான், கடைசி.

விண்ணப்பம் தள்ளுபடியான அறிவித்தல் உங்களுக்கும் வந்திருக்கும். ஆட்சேபணை போட்டது நான்தான். சட்டத்தரணி இராசமலர் எனக்கு விளங்கப்படுத்தினவ: தொழில் தெரிந்த எவருக்கும் இலகுவாகத் தோன்றக்கூடிய பொருளுக்கு ஆக்கவுரிமை கிடையாதாம். அதைச் சொல்ல முப்பது வருஷப் பேக்கரிக்காரர் ஒருவர் வேண்டுமென்று சொன்னா. எவனும் கண்ணை மூடிக்கொண்டு செய்வான் என்று நீங்கள் எழுதின பங்குனிக் கடிதத்தைக் கொடுத்தேன். முத்திரை இல்லாமல் ஒரு கடதாசியும் பேக்கரி வாசலைத் தாண்டக் கூடாது என்று அப்பா பழக்கினது உங்களை விட்டுப் போகவில்லை. தங்கச்சியைத் திட்டுகிற கடிதத்திலும் குத்தியிருந்தீர்கள். இது நீங்கள் எழுதியதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் என்னிடமும் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். இதில் புதிதாக ஒன்றுமில்லை, யாருக்கும் தோன்றக்கூடியது என்று. கிழிந்த ஒவ்வொரு முட்டையும் ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். என்னைக்கொண்டு அப்படி எழுத வைத்ததை மட்டும் மன்னிக்க ஏலாது.

இனி அதை யாரும் சுடலாம். நீங்களும் சுடுங்கள். நான் உங்கள் குசினியை விட்டு வந்தபிறகு உங்கள் பணிசில் முட்டை வெடிக்குதாம், காரணம் கேட்டு நேற்று ஆளனுப்பினீர்கள்.

படகுக்குச் சாப்பாடு கட்டுகிற எந்தப் பொம்பிளையையும் கேளுங்கள். ஒரு கிழமையில் சொல்லித் தருவா.

சுதர்ஷிகா