மூன்று பற்களும் ஒரே பக்கம்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, உன் இருமல் விட்டதா, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா? நாங்கள் நலம் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை அதை எழுதப் பேனா கொஞ்சம் தயங்குகிறது. பதறாதே, இரண்டு பேரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் அப்பா மூன்று நாளாகச் சமையலறைக் குழாயைச் சரி செய்கிறேன் என்று வீடெல்லாம் தண்ணீராக்கி வைத்திருக்கிறார், பிளம்பரைக் கூப்பிடலாமா என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். மேல் வீட்டுக்காரர்கள் ஒரு நாய் வாங்கியிருக்கிறார்கள், ஊரையே விட்டுவிட்டு அது இவரைப் பார்த்து மட்டும் குரைக்கிறது. இதெல்லாம் எழுதி எழுதி நேரத்தைக் கடத்துகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும், விஷயத்துக்கு வருகிறேன்.

கையெழுத்தைப் பார்த்திருப்பாய், இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். விரலில் சூடான மெழுகு பட்டுவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிறார் என்று நான்கு மாதமாக உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவரிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். ஒரு கொப்புளம் நான்கு மாதம் ஆறாமல் இருக்குமா என்று நீயும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, நல்ல குடும்பம் போ. என் வலது கை நடுங்குகிறது சுண்டு. இந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன் எழுந்து போய் இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உனக்குப் பெரிய மாமாவை நினைவிருக்கும். என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஒரு விரலில் தொடங்கியது. அவர் அந்தக் கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டே நான்கு வருடம் நடமாடினார், அலுவலகத்தில் அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னார்களாம். டாக்டரிடம் போனபோது இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். கடைசி இரண்டு வருடம் அவருக்கு ஸ்பூனால் ஊட்டியது நான். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், பாதி நேரம் உன்னை அந்த அறைக்குள் விடமாட்டேன். அந்த அறையிலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை போலிருக்கிறது. அதனால்தான் என் சுண்டு விரல் முதல் தடவை தானாக ஆடியபோது நானும் கையை மடியில் புடவைக்குள் ஒளித்துக்கொண்டேன். அண்ணன் செய்த அதே முட்டாள்தனம், அவருக்காவது பை இருந்தது.

நான் செய்யும் வேலையில் ஒளிப்பதற்கு வசதியும் இருந்தது. முப்பது வருடமாக ஒரு லேபில், மெழுகில் பல்லை ஊன்றிப் பல் செட் செய்கிறேன், என் பழக்கம் உனக்குத் தெரியும், எல்லாப் பல்லையும் அளவெடுத்தாற்போல் நேராக வைத்தால் பொய்ப் பல் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும், அதனால் முன்வரிசையில் ஒரே ஒரு பல்லை இம்மியளவு திருப்பி வைப்பேன். இந்த நான்கு மாதத்தில் ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது, எல்லாம் கை செய்த வேலை, நான் செய்தது இல்லை. பல் டாக்டர்களோ, அம்மா, உங்கள் வேலை இப்போது ரொம்ப இயற்கையாக இருக்கிறது என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுச் சிரித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன், யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் ஒரு செட் திரும்பி வந்தது. பஸ் டிப்போவில் கேன்டீன் நடத்தும் அம்மாள் ஒருவருடையது. கடைவாய்ப் பல் ஒன்று வெளிப்பக்கம் தள்ளியிருந்து, சாப்பிடும்போதெல்லாம் கன்னத்தைக் கடித்து ரத்தம் வந்திருக்கிறது. பாவம், பத்து நாள் வெறும் கஞ்சி குடித்திருக்கிறார், புதுசு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாராம். என் பயத்துக்கு இன்னொருத்தி வாயில் ரத்தம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைவாய்ப் பல்லைச் சரி செய்து முடித்துவிட்டு முன்வரிசையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோணியிருந்த மூன்று பற்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. கை கண்டபடி நடுங்கினால் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்றல்லவா இருக்க வேண்டும், ஏன் ஒரே பக்கம்? நான்கு மாதத்தில் இந்தக் கையைப் பற்றி எனக்கு வந்த முதல் கேள்வி அதுதான், அதுவரை அதைப் பார்க்கவே மாட்டேன்.

மறுநாள் காலையில் மெழுகுத் தகட்டில் கத்தியால் ஒரு நேர்கோடு போட்டேன், பக்கத்தில் தேதி கீறினேன். மதியம் இன்னொரு கோடு, வேலை முடித்துக் கிளம்பும்போது ஒன்று. மூன்று வாரமாகப் போடுகிறேன். வேடிக்கையாக இருக்கிறது சுண்டு, சும்மா மடியில் வைத்திருந்தால்தான் கை அதிகம் ஆடுகிறது, கத்தியைப் பிடித்துவிட்டால் பாதி அடங்கிவிடுகிறது. யாராவது பின்னால் வந்து நின்றால் கோடு பாம்பாகிவிடுகிறது, தனியாக இருந்தால் இல்லை. பல் ஏன் ஒரே பக்கம் திரும்பியது என்றால், நடுக்கம் தெரியக்கூடாது என்று நான் மணிக்கட்டை மேஜையில் அழுத்திக்கொண்டு பல்லை வைத்திருக்கிறேன், அந்த அழுத்தம்தான் திருப்பியிருக்கிறது. அதாவது கோணலில் ஒரு பங்கு நடுக்கத்தால் வந்தது, மற்றது ஒளித்ததால் வந்தது. இதனால் பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, காலையில் அந்தத் தகட்டை எடுக்கும்போது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு என்ன செய்யும் பார்ப்போம் என்று ஒரு ஆவலும் கூடவே வருகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தகட்டைக் கொண்டுவந்து உன் அப்பா முன்னால் வைத்தேன். குழாய், ஸ்பேனர் எல்லாம் கீழே போட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "தெரியும். நீயே சொல்லணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பிறகுதான் புரிந்தது, சில மாதமாகவே எனக்கு டீயை முக்கால் டம்ளர்தான் ஊற்றிக் கொடுக்கிறார், வயதாக ஆகக் கஞ்சத்தனம் முற்றிவிட்டது என்று நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன், சிந்தக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாராம். அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், குழாய்த் தண்ணீர் தெறித்துவிட்டது என்றார்.

வரும் செவ்வாய்க்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறோம். மெழுகுத் தகடுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன், கேட்பதற்குப் பதினொரு கேள்விகள் எழுதியிருக்கிறேன், டாக்டர் பின்வாசல் வழியாக ஓடிவிடுவார் என்கிறார் உன் அப்பா. அண்ணனுக்கு வந்ததே எனக்கும் வந்திருக்கலாம், வேறு ஏதோ சின்ன விஷயமாகவும் இருக்கலாம், எதுவென்று தெரியாது. செவ்வாய் வரை எப்படித் தள்ளப் போகிறேன் என்பதும் தெரியாது. கேன்டீன் அம்மாளுக்கு அந்தக் கோணல் செட்டுக்குப் பதிலாகப் புது செட்டே செய்து கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டேன், லேப் முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். இனி நான் முடித்த செட் ஒவ்வொன்றும் இன்னொருவர் சரி பார்த்த பிறகுதான் வெளியே போகும். நீ டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, வர வேண்டியிருந்தால் நானே கூப்பிடுவேன், இனி ஒளிக்கமாட்டேன்.

என் பெரிய பயத்தை இன்னும் எழுதவில்லை. அண்ணனுக்கு வந்து, எனக்கும் வந்து, அடுத்தது யாருக்கு என்பதுதான் அது. இதைப் படித்து முடித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்ப்பாய். செய். தப்பே இல்லை. ஆனால் என்னைப் போல் கதவைச் சாத்திக்கொண்டு அரைக்கண்ணால் பார்க்காதே, வெளிச்சத்தில் நின்று, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுதாகப் பார். என்ன பார்த்தாயோ அதை அப்படியே எனக்கு எழுது. ஒன்றும் இல்லை என்றாலும் எழுது.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். சூடாகச் சாப்பிடு. பதிலை மட்டும் போனில் தட்டி அனுப்பிவிடாதே, கைப்பட எழுது. உன் எழுத்தை நான் பார்க்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா