வாயில் பூ வைத்த சீலோ

ஆடி 30, வியாழன்

காலையிலிருந்தே தூறல். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்தது. பட்டுக்கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஐயம்பேட்டைக்கு ஓட்டம். மகள் தேனுவின் கல்யாணப் புடவை இன்று நெசவாளர் ஏகாம்பரம் தறியிலிருந்து இறங்கியது.

அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. கரையில் அன்னம் இருக்க வேண்டிய இடமெல்லாம் சீலோ. முழுப்பெயர் சீலோஃபைசிஸ். தேனு சொன்னால் அழகாக வரும், என் வாயில் நுழையாது. அவள் படிப்பே இந்த மாதிரிப் பழைய எலும்புகள்தான். மேசைக்கு மேல் அவள் வரைந்து ஒட்டியிருந்த படத்தை அவளுக்குத் தெரியாமல் போனில் எடுத்து ஏகாம்பரத்திடம் கொடுத்திருந்தேன்.

படத்தைப் பார்த்த அன்றைக்கு அவர் கேட்டது: "இன்னாணா இது, பெருமாள் கோயில் பல்லியா?"

"டைனோசர்பா. கறி திங்கிறது."

"இவ்ளோ ஒல்லியாவா?"

ஒல்லிதான். எலும்பெல்லாம் உள்ளே பொள்ளல், பாதி உடம்பு வால். பெரிய பெரிய டைனோசர்கள் பின்னால்தான் வந்தனவாம். அப்போது ஆறு, கரை எல்லாம் முதலை வகையறா கையில். இவன் நடுவில் புகுந்து, பூச்சியோ பல்லியோ கிடைத்ததைப் பிடித்து, ஓடிப் பிழைத்தவன். தேனு சொன்ன நாளிலிருந்தே எனக்கு இவனைப் பிடித்துவிட்டது. ஆரம்பத்தில் சைக்கிளில் புடவை மூட்டையோடு பெரிய கடைக்காரர்களுக்கு நடுவில் நானும் அப்படித்தான் பிழைத்தேன்.

படத்தில் வாய் காலி. ஏகாம்பரம் ஒவ்வொன்றின் வாயிலும் பூங்கொத்து வைத்துவிட்டார். "முகூர்த்தப் பொடவைணா. மயிலு, கிளி, எதையாவது நான் வெறும் வாயோட வுட்டுக்கிறனா? கல்யாணத்துக்கு வர்றது பூவோடதான் வரணும்."

நியாயம். எனக்கும் குறையாகத் தெரியவில்லை.

சிக்கல் வேறு. தேனு பட்டே வேண்டாம் என்கிறாள். "உன் கடைக்கு நான் விளம்பர பொம்மையா? காட்டன் போதும்பா." ஊரார் பெண்களையெல்லாம் பட்டு கட்டி அனுப்பியவன் நான். இதைப் பார்த்தாவது மனம் மாறுமா என்று ஒரு நப்பாசை. வற்புறுத்த மாட்டேன் என்று மனைவி செல்விக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

ஆடி 31, வெள்ளி

பந்தல்காரர் – பேசியாயிற்று. நாதஸ்வரம் – ஆயிற்று. வாழைமரம் – மறந்தேன்.

செல்வி புடவையைப் பிரித்தாள். "கல்யாணம் நம்ம பொண்ணுக்கா, பல்லிக்கா?" சொல்லிவிட்டுக் கரையை மட்டும் நாலைந்து முறை தடவினாள்.

கடைக்கு எடுத்துப் போனது தப்பு. ஆரணிக்கார அம்மா ஒருவர் பார்த்துவிட்டார். "இந்தப் பல்லி பார்டர்ல எனக்கொண்ணு குடுங்க. கோயில் பல்லி மாதிரி தொட்டா தோஷம் போவுமா?"

போகும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "ஆர்டர் பொடவைமா."

ஆவணி 1, சனி

ஹைதராபாத் வண்டியில் தேனு வந்தாள். இளைத்திருக்கிறாள். இரண்டு இட்லி உள்ளே போகும் வரை பொறுத்துப் புடவையைப் பிரித்தேன்.

குனிந்து சீலோவின் கழுத்தைப் பார்த்தாள். "கழுத்து அப்படியே இருக்குதுபா! யார் போட்டது?" அன்னம் போட்டுப் போட்டுப் பழகிய கை என்றேன். அப்புறம் அவள் விரல் சீலோவின் வாய்க்குப் போனது.

"இது இன்னா?"

"பூ."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அப்பா. சீலோ இருந்தப்போ பூவே கெடையாதுபா. உலகத்துலியே. புல்லு இல்ல, பறவை இல்ல. பெரணி, ஊசியிலை மரம், செம்மண்ணு, அவ்ளோதான். எங்க புரொபசர் மேடம் கல்யாணத்துக்கு வராங்க. பார்த்தவொடனே கேப்பாங்க."

கறி தின்கிறவன் பூவைக் கவ்வுவானா என்றாவது நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் பூவே இல்லாத உலகம்? அது எனக்கு எப்படித் தோன்றும்? ஜரிகையில் நெய்ததைப் பிய்த்தால் கரையே போய்விடும்.

"காட்டனே கட்டுமா. இது ஷோகேஸ்ல இருக்கட்டும்." சாதாரணமாகத்தான் சொல்லப் பார்த்தேன்.

புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் மடித்த விதமும் தப்பு. பட்டுக்கடைக்காரன் பெண்!

ஆவணி 2, ஞாயிறு

புழுக்கம். தேனு ஷேர் ஆட்டோ ஏறி ஐயம்பேட்டை போய்விட்டு வந்தாள். எதற்கு என்றால், "நீ வாழமரத்துக்குச் சொன்னியாபா?"

ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன். "பாப்பா வந்துச்சுணா. பூ எதுக்குன்னு கேட்டுச்சு, சொன்னேன். சிரிச்சிக்கினே டீ குடிச்சிட்டுப் போச்சு."

"வேற?"

"வேற இன்னா? ரெண்டாவது டீயும் குடிச்சிச்சு."

இவரிடம் கேட்டதற்குச் சுவரிடம் கேட்டிருக்கலாம்.

ஆவணி 6, வியாழன்

முகூர்த்தம். நல்ல வெயில். வாழைமரம் நேரத்துக்கு வந்தது.

அறைக் கதவு திறந்தது. அரக்கு. மாம்பழ மஞ்சள். நான் மேளக்காரரிடம் ஏதோ கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். செல்வி பார்த்துவிட்டாள். துண்டை எடுத்து நீட்டினாள்.

தாலி ஏறியதும் தேனுவின் மேடம் மேடைக்கு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கரையைப் பார்த்தார். "சீலோ! அழகா இருக்கு. ஆனா தேனு, அந்தக் காலத்துல பூ ஏது?"

"அந்தக் காலத்துல இல்ல மேடம். இது என் கல்யாணத்துக்கு வந்திருக்குது. வெறும் வாயோட வருமா?"

பந்தியில் ஏகாம்பரம் புது வேட்டியில். காதருகில் வந்து, "இந்தப் பல்லி டிசைன் அட்டையெல்லாம் தறியிலியே இருக்குதுணா, இன்னா பண்றது?"

"கழட்டிப் பத்திரமா கட்டி வைப்பா."

மண்டபத்திலேயே மூன்று பேர் இந்தக் கரை வேண்டும் என்று கேட்டாயிற்று. நெய்து விற்கலாமா என்று தேனுவிடம் கேட்க வேண்டும். இன்று வேண்டாம்.