வட்டுவாகல் பாலம் இவ்வளவு சின்னதா?

என் ஆசை அப்பா,

முதலில் பதறாதீங்கோ, எல்லாரும் சுகம். ஆனால் எனக்கு நேற்றிரவு முழுக்க நித்திரை இல்லை. எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நேற்று நான் வட்டுவாகல் பாலத்துக்குப் போனேன்.

ஓம், நான்தான். ஸ்கந்தபுரத்திலிருந்து முல்லைத்தீவுக்கு எப்போது போனாலும் மாங்குளத்தால் சுற்றிப் போகிறவள். கேட்டால், அந்த றோட்டு நல்லது என்று சமாளிப்பேன். நேற்றுக் கலியாணவீட்டுக்குப் போகும்போது இவர் கேளாமலே வான் வண்டியைப் பரந்தன் பக்கம் திருப்பிவிட்டார். பக்கத்தில் புதுப்பாலம் போடுகிறார்களாம், பழையது இருக்கும்போதே மகளுக்குக் காட்ட வேண்டுமாம். நீங்கள் அங்கேதான் எங்களை விட்டுப் போனீர்கள் என்பது அவருக்குத் தெரியும். சேர்ட் கதை தெரியாது. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

புதுக்குடியிருப்புத் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரி இருந்தேன். வான் நின்றது. "அம்மா, என்ன வடிவான பாலம், இறங்குங்கோவன்" என்று எட்டு வயது மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

இறங்கினேன். அப்பா, அது வடிவாகத்தான் இருந்தது. தண்ணீரோடு ஒட்டினாற்போல் ஒடுங்கிய பழைய பாலம், கொக்குகள், வீச்சு வலை எறிகிற இரண்டு பேர், கரையில் இறால் விற்கிற ஒரு மனிசி. கைபேசியில் படம் எடுக்கிற சனம். நானும் ஒரு நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதைப் போய் ரசிக்கிறேனே, நான் என்ன மனிசி?

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பாலம் சின்னது. மற்றக் கரை கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. அன்று, சண்டையின் கடைசியில் சனத்தோடு சனமாக நான் நடந்த பாலத்துக்கு முடிவே இருக்கவில்லையே, அப்பா.

நினைவிருக்கிறதா? அம்மாவின் சிவப்புச் சீலையைக் கிழித்து என் தலையில் கட்டிவிட்டீர்கள். பதின்மூன்று வயது, எனக்கு ஒரே வெட்கம். "தூரத்தில நிண்டாலும் தெரியும், கழட்டாதை" என்றீர்கள். "என்ர சேர்ட்டை விடாதை. நிமிராதை. காலை மட்டும் பார்த்து நட."

நான் நிமிரவில்லை. நெரிசலில் எங்கேயோ ஒருதரம் கை நழுவியது. உடனே எட்டிப் பிடித்தேன். அதே வெளிறிய நீலச் சேர்ட். அக்கரையில் நிமிர்ந்து பார்த்தால் யாரோ ஒரு மனிதர். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

காயப்பட்ட காலில் ரத்தம் நிற்காமல் நீங்கள் பாலத்தின் தொடக்கத்திலேயே இருந்துவிட்டீர்கள் என்று பின்னேரம் தனியே வந்து சேர்ந்த மாமிதான் சொன்னா. "உன்னைத் தேடித் தவிக்கேல்லை பிள்ளை. தண்ணிக் கரையில சாய்ஞ்சு இருந்தவர், நீ அங்கால ஏறினதைக் கண்டிட்டார். அதுக்குப் பிறகுதான் கண்ணை மூடினவர்."

நான் நம்பவில்லை. கசப்பு மருந்தை இனிக்கும் என்று சொல்லிப் பருக்குகிற ஆள் அல்லவா உங்கள் தங்கச்சி? இத்தனை வருடமும், என்னைத் தேடித் தேடியே செத்தீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வேறொருவரின் சேர்ட்டைப் பிடித்தவள் நான்தானே.

நேற்று என்ன செய்தேன் தெரியுமா? மகளின் தலையில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய சிவப்புத் தொப்பி இருந்தது. "அப்பாவோட அந்தக் கரைமட்டும் நடந்திட்டு வா" என்று அனுப்பினேன். மாமி சொன்ன மாதிரியே தண்ணீரோரம் இறங்கி இருந்தேன். இறால்காரி, "என்ன தங்கச்சி, தலைசுத்துதோ?" என்று கேட்டா. "இல்லை அக்கா, என்ர பிள்ளை போறாள், பார்க்கிறன்" என்றேன்.

அங்கே இருந்து பார்த்தால் பாலம் முழுக்கப் பக்கவாட்டில் தெரிகிறது. வான் போனது, சைக்கிள்கள் போயின, படம் எடுக்கிற சனம் குறுக்கே நின்றது. முகம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சிவப்புத் தெரிந்தது, அப்பா. ஒவ்வொரு அடிக்கும் தெரிந்தது. அக்கரையில் ஏறினதும் தெரிந்தது. மணலில் இருந்தபடியே வாய்விட்டு அழுதேன். மகளோடு ஓடிவந்த இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் மணலில் என் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியின் கையைப் பிடித்து, "மாமி, அவர் கண்டவர்தான்" என்றேன்.

"அதைத்தானே நான் இவ்வளவு காலமும் சொல்லுறன், விசரி" என்று ஏசினா. பிறகு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இனி நான் மாங்குளத்தால் சுற்றமாட்டேன். உங்கள் திவசத்துக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு அந்தக் கரைக்கு வருவேன். நீங்கள் சொன்ன ஒன்றை மட்டும் மீறுவேன், ஏசாதீங்கோ. நிமிர்ந்து நடப்பேன். அக்கரையில் ஏறினதும், அன்று செய்யாததைச் செய்வேன். திரும்பி நின்று உங்களுக்குக் கை காட்டுவேன்.

சிவப்புத் துண்டைக் கடைசிவரை கழட்டாத,
உங்கள் மகள்