கையில் ஏறிய வெயில்

22-4-1992, புதன்

கம்பெனி என்னை நிறுத்தி இருபது நாளாகிறது. மனைவி ஜமீலாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் யூனிபார்மோடு கிளம்பி, ஓசூர் வெயிலில் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்று வேலை கேட்கிறேன். வாட்ச்மேன்கள் நாயைப் போல விரட்டுகிறார்கள். கையும் கழுத்தும் கறுத்துவிட்டன.

இன்று சாயங்காலம் ஜமீலா தயிரில் கடலை மாவைக் குழைத்து, வலிக்காமல் என் கையில் தடவினாள்.

"ஷெட்டுக்குள்ள நிக்கறவருக்கு இவ்வளவு வெயில் எங்கிருந்துங்க?"

"இப்ப வெளியில லோடிங்ல போட்டிருக்காங்க" என்றேன். கையை மெல்ல இழுக்கப் பார்த்தேன். அவள் பிடியில்தான் இருந்தது அந்தக் கை.

மாவு காயும்வரை அவள் விசிறினாள். கழுவிவிடும்போது சொன்னாள்:

"யூனிபார்மைத் துவைச்சுப் பெட்டியில வெச்சுடறேன். நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்குங்க. குடை எடுத்துட்டுப் போங்க."