கடைசி மூன்று படிகள்

அக்கா,

இன்று காலை நம் ஆஸ்பத்திரி மாடிப்படியை உடைக்க ஆரம்பித்தோம். பிரேக்கர் மெஷின் போட்டதும் எழும்பிய சிமெண்ட் தூசியோடு, இத்தனை வருஷமாகப் படியில் ஊறிய பினாயில் வாடையும் சேர்ந்து வந்தது. மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். நர்ஸ் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் மருந்துத் தட்டோடு ஏறுவீர்களே, அப்படியே. தூசிக்குத்தான் கண் கலங்குகிறது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

கம்பி துருப்பிடித்து அடிப்பக்கம் பெயர்ந்து விழுகிறது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று டாக்டர் கூப்பிட்டிருந்தார். கட்டினவனே இடிக்கிறேன். உடைப்பதற்கு முன்னால், யாரும் கேட்காமலேயே மேலே போய்க் கடைசி மூன்று படிகளுக்கு டேப் பிடித்தேன். ஒவ்வொன்றும் ஒன்பது இஞ்சுக்கு மேல். கீழே உள்ளதெல்லாம் ஏழு. அளக்காமலே எனக்குத் தெரிந்த அளவுதான்.

உங்களுக்குத்தான் தெரியாது. அன்றைக்குச் சாய்வாகக் கான்கிரீட் போட்டு முடித்து, கீழேயிருந்து செங்கல் வைத்துப் படி கட்டிக்கொண்டு வந்தபோது டாக்டரின் மாமனார் வந்து நின்றார். சுவரில் நான் போட்டிருந்த சாக்பீஸ் கோடுகளை ‘லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்’ என்று விரல் வைத்து எண்ணினார். பதினெட்டாவது கோடு நஷ்டத்தில் முடிந்தது. “என்னப்பா, ஆஸ்பத்திரிக்குப் போயி ரெட்டைப்படையில படி வைக்கிற? ஒண்ணக் கொறச்சுரு” என்றார். குறைப்பதென்றால் கட்டியதையெல்லாம் பெயர்த்துவிட்டு, மொத்த உயரத்தையும் பதினேழாகப் பங்கு போட வேண்டும். எனக்குச் சோம்பல். திறப்பு விழா வேறு நெருங்கிவிட்டது. மேலே மிச்சமிருந்த நான்கு படி உயரத்தை மூன்றாக்கிச் சமாளித்துவிட்டேன். டைல்ஸ் ஒட்டியதும் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் கால் கண்டுபிடித்துவிட்டது. திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. விட்டுப்போன பூச்சு வேலைக்கு வந்தவனை நிறுத்தி, “ஏந்தம்பி, ஒன் படி கடைசி மூணுல மட்டும் காலை வாருதே, என்னன்னு பாரு” என்றீர்கள். டேப் என் இடுப்பிலேயே இருந்தது. நானோ சிரித்துக்கொண்டே, “படியெல்லாம் ஒரே அளவுதாங்க்கா. ஒங்களுக்குத்தான் வயசாகுது” என்றேன். பக்கத்தில் நின்ற ஆயாம்மா சிரித்தார். நீங்களும் சிரித்து, “அதுஞ்சரிதான்” என்று முழங்காலைத் தடவிக்கொண்டீர்கள். அப்போது உங்களுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. பாவி நான்.

அதற்குப் பிறகு முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தீர்கள். மாடி ஏறுகிற எல்லோருக்கும் கீழேயிருந்து குரல் கொடுப்பீர்கள்: “கடைசி மூணுல காலை நல்லாத் தூக்கி வைங்க.” அத்தனை பேருக்குச் சொன்ன நீங்கள், ஒரு கர்ப்பிணியைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனபோது அங்கேயே தடுக்கினீர்கள். அந்தப் பெண்ணைக் கைப்பிடியோடு சாய்த்துவிட்டுத்தான் விழுந்தீர்களாம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

குளத்தூரில் உங்கள் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன், சத்தியமாக. நான் வாயைத் திறப்பதற்குள், “வா தம்பி. ஒன் படிய யாரோ கொறை சொன்னாங்களாம், நான் விடல. நீ அன்னைக்கே சொன்ன, எனக்குத்தான் கால் சரியில்ல” என்றீர்கள். மகளைக் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கச் சொன்னீர்கள். குடித்தேன். எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் நீங்கள் வேலைக்கு வரவே இல்லை. போன வருஷம் தகவல் கேட்டு மாலையோடு வந்தவன், கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றேன். உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

மத்தியானம் டாக்டர் வந்து, “பழசு மாதிரியே பதினேழு படிதானே மேஸ்திரி?” என்றார்.

“பதினேழுதாங்க. ஆனா பழசு மாதிரி இல்லிங்க” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உடைந்து கிடந்த படிப்பக்கம் திரும்பினார்.

“இத சிஸ்டர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்லிங்க.”

அவர் உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கேட்டுக்கொண்டு நின்ற ஆயாம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “அந்தம்மா சாகுற மட்டும் தைலம் தேச்சுச்சேய்யா” என்றார்.

சாயங்காலம் சுவரில் புதிதாகப் பதினேழு கோடு போட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் அளந்தேன். எந்தக் கட்டடத்தில் மாடி ஏறினாலும், மேலே வந்ததும் என் கால் தானாக உயரத் தூக்கிக்கொள்கிறது. உங்கள் குரல் கேட்டுப் பழகிய கால். இனி அது மாறப்போவதில்லை.

உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை அக்கா. படிதான் தப்பு. ஆரஞ்சுப் பழத்தோடு வந்த அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்.