படத்தின் மேல் ஒரு வார்த்தை

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அவளைப் பற்றி அவள் முன்னாலேயே சொல்ல மனசு வரவில்லை, அதனால்தான் கடிதம். பக்கவாதம் என்று கேட்டு நீ ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவள் கை கால் தேறியிருந்தது, பேச்சுதான் வரவில்லை. வீட்டுச் சாமான்களைப் படமெடுத்து, மேலே பெயரைப் பெரிதாகப் போட்டு அட்டையாக்கிக் காட்டுங்கள், பார்க்கப் பார்க்க வார்த்தை வாய்க்கு வரும் என்று பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மா சொன்னார். உன் அண்ணன் படத்தில் எழுத்துப் போடுகிற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். அப்புறம் நானும் அதுவும் பட்ட பாடு இருக்கிறதே! 'சோப்பு' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஃபான்ட்டை மாற்றினால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. ஒருவழியாக நல்ல தமிழ் ஃபான்ட் கிடைத்தது என்று பார்த்தால் எழுத்தையே காணோம், படத்துக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை மேலே இழுத்துவிடுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

முதல் அட்டையைத் திரையில் வைத்தே பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். பளபளவென்று எவர்சில்வர் டம்ளர், அதன் மேல் வெள்ளை எழுத்தில் 'டம்ளர்'. முகத்தைச் சுளித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மனசை நோகடித்துவிட்டேனோ என்று எனக்குப் பதறியது. பார்த்தால், தையல் மிஷின் டிராயரிலிருந்து நூல் டப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறாள்! கருநீல நூற்கண்டு ஒன்றைப் பொறுக்கி, திரையில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்தாள். துணியோடு துணியாக மறைகிற நூலையே ஆயுசு முழுக்கத் தேடியவள், இங்கே எடுப்பாகத் தெரிகிற நிறத்தை எடுத்துத் தந்தாள். அதே நிறத்தைப் போட்டேன், டம்ளர் மேல் வார்த்தை பளிச்சென்று நின்றது. அன்றிலிருந்து நான் வேலையாள், அவள் முதலாளி. பூப்போட்ட துண்டின் மேல் எழுத்து தெரியவில்லை என்றால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டச் சொல்லி விரலால் வரைந்து காட்டுகிறாள். நான் ஆசையாக ஒரு வளைந்த எழுத்தைப் போட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அட்டையைப் பார்த்துத் தண்ணி, சோப்பு, துண்டு எல்லாம் சொல்லிவிட்டாள். ஆனால் அட்டையை மூடிவிட்டால் வாயும் மூடிக்கொண்டுவிடும், அதுதான் எனக்குள் இருந்த கவலை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் போட்டோவைத் திறந்தேன், மொட்டை மாடியில் காற்றில் முடி பறக்க நிற்பாயே, அது. கீழே 'மகள்' என்று போட்டேன். அம்மா தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். சின்னதாக்கினேன், ஓரத்துக்குத் தள்ளினேன், நூல் டப்பாவை நீட்டினேன், எதற்கும் மசியவில்லை. பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தி, உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, "வேணாம்" என்றாள். எந்த அட்டையிலும் அந்த வார்த்தை இல்லை, வாலு. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எழுத்தை அழித்துவிட்டேன். வெறும் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "எம் பொண்ணு" என்றாள். இப்போது கஞ்சி வேணாம், மாத்திரை வேணாம், நான் பாடினால் அதுவும் வேணாம், வீடே அதிர்கிறது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

நீ எதற்கும் கலங்காதே, வேலையைப் பார், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நீடூழி வாழ இருவரும் மனமார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னிடமிருந்து போனை வாங்கிப் பேசுவாள். வார்த்தை தேடி நின்றால் நீ எடுத்துக்கொடுக்காதே. பேசாமல் காத்திரு. வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா